ரூம் பதினாலில் மக்களாட்சி

ஜெபல் அலி, துபாய், 12.3.2006

அன்புள்ள அம்மாவுக்கு,

உலகம் ஆவலோடு எதிர்பார்த்த அறிவிப்பு: உன் மகன் முனீஸ் கேம்ப் ரூமில் மக்களாட்சியை நிறுவிவிட்டான்! நான் நல்ல சுகம். உன் முட்டிவலி தேவலையா?

ரூமில் பன்னிரண்டு பேர். ராம்நாட்டுக்காரங்களுக்கு ஒரு அடுப்பு, தஞ்சாவூர்க்காரங்களுக்கு ஒரு அடுப்பு, தினமும் சண்டை. என் தபால்வழி பி.ஏ. பாடத்தில் கிளீஸ்தனிஸ் என்று ஒருத்தர் வந்தார். ஏதென்ஸில் கடற்கரை, நகரம், உள்நாடு மூணு பக்கத்து ஆட்களையும் கலந்து பத்துக் குழுவாக்கி, ஊர்க்கட்சியை உடைத்த மனுஷன். இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னாடியே என்ன மூளைம்மா! நானும் சீட்டுக் குலுக்கி, ஊர்களைக் கலந்து சமையல் குழு போட்டேன். இப்போ நம்மூர் வைரவன் அண்ணனே தஞ்சாவூர் சாம்பாரை, "இன்னும் ஊத்துடா" என்கிறார்.

அங்கே ஓட்டுப் போட்டு ஒருத்தரைப் பத்து வருஷம் ஊரைவிட்டு அனுப்பும் வழக்கமும் இருந்ததாம். நான் அதை, அதிக ஓட்டு விழுந்தவர் பத்து நாள் சமைக்கக் கூடாது என்று அடுப்புத் தடையாக்கி, நேற்று முதல் ஓட்டும் நடத்தினேன்.

ரசம் வைக்கிற முறையை, புளி அளவோடு, உன் கையாலேயே எழுதி அனுப்பும்மா. போனில் சொல்லாதே, உன் எழுத்தைப் பார்த்து ரொம்ப நாளாச்சு. டூட்டி பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான்.

முனீஸ்

பி.கு.: தடை எனக்குத்தான். பதினொரு ஓட்டு. எனக்கு எதிராக விழாத ஒரே ஓட்டு நான் போட்டது. சமையலில் நான் புலி என்று போனில் அளந்ததை மறந்துடும்மா. பத்து நாளைக்குப் பாத்திரம் கழுவுறேன்.