மெயின் வால்வை மூடியவன்

மார்ச் 3, செவ்வாய்

இன்று ஓர் அறிவிப்பை முழுதாகப் படித்தேன். செல்போனில் எதைத் திறந்தாலும் முன்னால் வந்து நிற்குமே, அது. இத்தனை நாளும் பெரிய நீலப் பொத்தானை அமுக்கிவிட்டுப் போவேன். காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்துப் பழகிய விரல். இன்று எழுத்துக் கூட்டினேன்: 'அனைத்தையும் ஏற்கிறேன்.' பக்கத்திலேயே சின்னதாக, வெளிறிப்போய், 'மறுக்கிறேன்.' அதை அமுக்கினேன். அப்போதும் பக்கம் திறந்தது!

மார்ச் 4, புதன்

முதியோர் எழுத்தறிவு வகுப்பில், அந்த அறிவிப்பில் இருந்த 'குக்கீ' என்றால் என்ன என்று டீச்சரிடம் கேட்டேன். குக்கீ என்பது, நம்மை அடையாளம் வைத்துக்கொள்ள நம் போனுக்குள் அவர்கள் போட்டுவைக்கும் சீட்டாம். சிலது உதவிக்கு, சிலது வேவு பார்க்க. மனைவியின் முட்டிவலிக்காக ஒரே ஒருநாள் போனில் முட்டிப்பட்டை தேடினேன். ஒரு மாதமாக எங்கே போனாலும் முட்டி விளம்பரமாகவே வருகிறது. இப்போதல்லவா புரிகிறது.

இரண்டாம் நிலை வகுப்பில் கடிதம் எழுதக் கற்றுத் தருவார்களாம். இருபது இடம்தான். திங்கள் மாலை ஆறு மணிக்குள் போனில் பதிய வேண்டும்.

மார்ச் 5, வியாழன்

இன்று மட்டும் பதினோரு மறுப்பு. "அப்பவே படிச்சிருந்தா என்னையும் மறுத்திருப்பீங்க போல" என்றாள் மனைவி.

மார்ச் 7, சனி

பிரவுசரின் அமைப்புகளுக்குள் நானே போனேன். 'எல்லாக் குக்கீகளையும் தடு' என்று இருந்தது. நாற்பது வருடம் குழாய் வேலை பார்த்தவன்; எங்கே ஒழுகினாலும் முதலில் மெயின் வால்வை மூடிவிடுவேன். மூடினேன். நிம்மதி.

மார்ச் 9, திங்கள்

வகுப்புக்குப் பதிய உட்கார்ந்தேன். பெயரை எழுதி 'அடுத்து' அமுக்கினால் மறுபடி முதல் பக்கம். நான்கு தடவை. நான் யாரென்றே அதற்குத் தெரியவில்லை. வெளியூரில் இருக்கும் மகளைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மணி ஐந்து — போச்சா? இப்பத்தானே படிக்க ஆரம்பிச்சேன், அதுக்குள்ள முடிஞ்சுதா?

"பொலம்பாதீங்க. கீழ என்னமோ பொடிசா இருக்கே, அதையும் படிங்க" என்றாள் மனைவி. அவளுக்குப் படிக்கத் தெரியாது. கண் மட்டும் கூர்மை.

'பதிவு செய்யக் குக்கீகள் தேவை. உங்கள் பிரவுசரில் அனுமதிக்கவும்.'

வீட்டுத் தண்ணீரையே நிறுத்திவிட்டு, சமையலறைக் குழாய் வரவில்லையே என்று அழுதிருக்கிறேன்! மறுபடி அமைப்புகளுக்குள் போனேன். 'இந்தத் தளத்துக்கு மட்டும் அனுமதி' என்று தனியாக ஒன்று இருந்தது. அதை மட்டும் திறந்தேன், மற்றதெல்லாம் மூடியபடியே. ஐந்தே முக்காலுக்குப் பதிந்தாயிற்று. பதினெட்டாவது இடம். மனைவியிடம் மூன்று தடவை சொன்னேன்.

மார்ச் 10, செவ்வாய்

மதியம் மனைவி போனும் கையுமாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முதல் நிலையில் இடம் இருக்கிறதா என்று கேட்டாள், வேறெங்கோ பார்த்தபடி. இருந்தது. அந்த வகுப்புக்குத் தனிப் பக்கம். அதன் அறிவிப்பும் வந்து நின்றது. பழக்கத்தில் விரலை நீட்டினேன். தட்டிவிட்டாள்.

"மொதல்ல படிச்சுக் காட்டுங்க. அமுக்கறத நான் பாத்துக்கறேன்."

ஒரு வரி விடாமல் படித்தேன். இரண்டு இடத்தில் நிறுத்தி அர்த்தம் கேட்டாள். பிறகு, 'தேவையானவை மட்டும்' எது என்று கேட்டு, அதன்மேல் தன் விரலை வைத்தாள்.