ஸ்டெல்லா, நீ வராத வெள்ளிக்கிழமை

தங்கச்சி என்று இனியும் கூப்பிடலாமா என்று தெரியவில்லை. ஆனாலும் வாய் அப்படித்தான் கூப்பிடுகிறது, என் ஸ்டெல்லா,

நீ பண்டாரவளைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாய். அடக்கமும் நல்லபடியாக முடிந்தது என்று போனில் சொன்னார்கள். கேட்டதும் அழுதேன். அழுது முடிப்பதற்குள்ளேயே உன் மேல் கோபம் வந்தது. செத்துப்போனவள் மேல் கோபப்படலாமா? வருகிறதே, என்ன செய்ய?

நம்மைப் போல வீட்டு வேலைக்கு வந்தவர்கள் படிக்கட்டும் என்றுதான் இதை எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன். உனக்கு வெட்கமாக இருந்தால் இருக்கட்டும்.

பஹ்ரைனுக்கு வந்த புதிதில், விசாவுக்கு ரத்தம் எடுத்த இடத்தில்தான் உன்னை முதலில் பார்த்தேன். என் பேச்சைக் கேட்டதும் மலையகம் என்று கண்டுபிடித்துவிட்டாய். “மேடம்கிட்ட நீங்களும் வேதக்காரின்னு சொல்லிருங்க அக்கா. வெள்ளிக்கிழமை சர்ச்சுக்கு விடுவாங்க. இல்லாட்டி வாசப்படி தாண்ட முடியாது” என்றாய். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுத்தவள் நான். ஆனாலும் சொன்னேன். மேடமும் விட்டார்.

அந்த மாதா கோயிலை வெளியே இருந்து பார்த்தால் கோயில் என்றே தெரியாது. ஏதோ பள்ளிக்கூடம் போல, மண்ணிறத்தில் ஒரு கட்டடம். உள்ளே கால் வைத்ததும் அப்படியே நின்றுவிட்டேன், ஞாபகம் இருக்கிறதா? என் மேடம் வீட்டில் தரை வெள்ளை, சுவர் வெள்ளை, சோஃபா வெள்ளை. அழுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே வெள்ளை. நாள் முழுக்க அதைத் துடைத்த கண்ணுக்கு, இங்கே எதைப் பார்ப்பது என்றே தெரியவில்லை.

ஈரத்துணியைப் பிழிந்தது போல முறுக்கிக்கொண்டு மேலே போகும் தூண்கள். பீடத்துக்குப் பக்கத்தில் பாசிப் பச்சையில் இரண்டு, ரோஜா நிறத்தில் இரண்டு. மாதா சுரூபத்துக்கு அருகில் ஒரு பெரிய சிவப்புத் தூண். ஆட்டிறைச்சியில் கொழுப்பு ஓடுவது போல அந்தச் சிவப்பில் வெள்ளை நரம்புகள். மேலே தங்கப்பூச்சு இலைகள். அதற்கும் மேலே நீல விதானம், மேகத்துக்குள்ளிருந்து கன்னம் உப்பிய பிள்ளைகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தாலிப் பக்கத்துப் பழைய கோயில்களின் பரோக் பாணி என்று ஃபாதர் ஒருநாள் பிரசங்கத்தில் சொன்னார். எனக்குப் பெயர் முக்கியமில்லை. பூசை நடக்கும்போது எல்லோரும் கண்ணை மூடுவார்கள், நான் திறந்து வைத்திருப்பேன். “ஜெபம் பண்ண வந்தீங்களா, கலர் பாக்க வந்தீங்களா?” என்று முழங்கையால் இடிப்பாய்.

அந்தத் தூண் எல்லாம் முழுக்கப் பளிங்கு இல்லை என்று கண்டுபிடித்ததும் நீதான். என் கையைப் பிடித்துத் தூணில் வைத்தாய். குளிர்ந்தது. பிறகு என் கையைத் தலைக்கு மேலே தூக்கி வைத்தாய். அங்கே குளிரவில்லை. சாந்து பூசி, பளிங்கு மாதிரி நிறம் தீட்டியிருந்தார்கள். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோவாக்காரர் சிரித்துக்கொண்டே, “ஊப்பர் சப் பெயிண்ட், பெஹன்” என்றார், மேலே எல்லாம் வெறும் பெயிண்ட்தானாம். நீயும் விழுந்து விழுந்து சிரித்தாய். எனக்கு என்னவோ போல் இருந்தது.

என் மேடம் என்னைத் தன் வீட்டில் மட்டும் வைத்திருக்கவில்லை. அக்கா வீடு, மாமியார் வீடு என்று மாற்றி மாற்றி அனுப்பினார். ஊருக்குப் போக லீவு கேட்டால், “மாஃபி, நோ லீவ். நெக்ஸ்ட் இயர்” என்பார். அம்மா சாகக் கிடந்தபோதும் அதே பதில்தான். அம்மாவின் முகத்தைப் போனில்தான் கடைசியாகப் பார்த்தேன். அன்றைக்கு உன் மடியில் விழுந்து அழுதேன்.

அதற்கப்புறம்தான் நீ அந்த நல்ல சேதியைக் கொண்டு வந்தாய். “ஈசா டவுன்ல ஒரு டீச்சரம்மா, மதுரைக்காரங்க. கைக்குழந்தய பாத்துக்க ஆள் தேடுறாங்க. கஃபீல் மாத்தி விசாவ அவங்க பேருக்கு எடுக்கிற வேலையெல்லாம் அவங்களே பாத்துக்குவாங்களாம். ஒங்களப் பத்திச் சொல்லிட்டேன் அக்கா. வர்ற வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சதும் அந்தச் சிவப்புத் தூண்கிட்டயே நில்லுங்க, கூட்டிட்டு வாறேன்.”

நின்றேன். இருந்ததில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, முகம் கழுவி, தலை சீவிக்கொண்டு நின்றேன். தமிழ்ப் பூசை முடிந்தது. மலையாளப் பூசைக்கு ஆட்கள் வந்தார்கள், போனார்கள். அந்தத் தூணில் எந்த நரம்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எனக்கு மனப்பாடம் ஆனது அன்றைக்குத்தான். கடைசியில் கோவாக்காரர் விளக்குகளை அணைத்துக்கொண்டே வந்தார். சிவப்பு கறுப்பாகிவிட்டது. நீ வரவில்லை.

உனக்குத்தான் ஏதோ ஆபத்து என்று பயந்துகொண்டே வீட்டுக்குப் போனேன். நேரம் கழித்து வந்ததற்காக மேடம், “கலாஸ். நோ மோர் சர்ச்” என்று சொல்லிவிட்டார். என் வெள்ளிக்கிழமையும் போனது.

மேடத்தின் மனம் இளக ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. மறுபடியும் கோயிலுக்குப் போன அன்றைக்கு உன்னைப் பார்த்தேன். சதை போட்டிருந்தாய், நல்ல செருப்புப் போட்டிருந்தாய். இடுப்பில் ஒரு குழந்தை, நான் பார்த்துக்கொள்ள இருந்த டீச்சரம்மாவின் குழந்தை. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நீயும் என்னைப் பார்த்தாய். பச்சைத் தூணுக்குப் பின்னால் மெதுவாக நகர்ந்தாய். எட்டிப் பார்த்தபோது பக்கவாசல் கதவு ஆடிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நீ வேறு நேரப் பூசைக்குப் போக ஆரம்பித்துவிட்டாய் என்று கோவாக்காரர் சொன்னார். வயிற்றில் கட்டி வந்ததையும், நீ போய்விட்டதையும் அவர்தான் சொன்னார்.

உன் நினைவுப் பூசைக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்காதே. முடிந்ததும், கோவாக்காரர் அடையாளம் காட்ட, டீச்சரம்மா என்னைத் தேடி வந்தார்.

“லெட்சுமி அக்காதானே? அன்னைக்கு நீங்க வந்திருந்தா நல்லா இருந்திருக்கும். இருக்கிற வீடே போதும், வர விருப்பமில்லைன்னு சொல்லிட்டீங்களாமே?”

“நானா? யாரு சொன்னா?”

“ஸ்டெல்லாதான். இங்க கேட்டு வாசல்ல வச்சுத்தான் சொன்னாங்க. அன்னைக்கே எங்க கார்லயே வந்துட்டாங்க.”

ஸ்டெல்லா, நீ வந்திருக்கிறாய். நான் உள்ளே தூணோடு தூணாக நிற்க, நீ வாசலில் நின்று எனக்கு விருப்பமில்லை என்று சொல்லியிருக்கிறாய்.

என் முகத்தைப் பார்த்ததும் டீச்சரம்மாவுக்குப் புரிந்துவிட்டது. பிறகு மெதுவாகச் சொன்னார். “மாத்துத் துணி கூட இல்லாமத்தான் வந்தாங்க. முதுகுல அயர்ன் பாக்ஸ் வச்ச புண்ணு. ரெண்டு மூணு இடத்துல. ஆறவே இல்ல. அந்த வீட்டுக்குத் திரும்பிப் போனா செத்துருவேன்னாங்க.”

பெஞ்சில் சாயாமலே உட்கார்ந்திருப்பாயே. பக்தி என்றல்லவா நினைத்தேன்! என் அம்மாவுக்காக உன் மடியில் விழுந்து அழுதபோதும் உன் முதுகு எரிந்துகொண்டிருந்ததா? ஏன் சொல்லவில்லை?

“அக்கா, எனக்கு அந்த இடத்தக் குடுங்க” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. கொடுத்திருப்பேன். சத்தியமாகக் கொடுத்திருப்பேன். நீ இடத்தை எடுத்துக்கொண்டது எனக்கு வலிக்கவில்லை. கொடுக்க மாட்டேன் என்று என்னைப் பற்றி நினைத்தாயே, அதுதான் தாங்கவில்லை. அத்தனை வெள்ளிக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்தும் என்னைத் தெரியவில்லையா உனக்கு?

டீச்சரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “இப்பவும் பாப்பாவப் பாத்துக்க ஆள் வேணும். நீங்க வர்றீங்களா?”

உன் இடம். உன் அறை, உன் கட்டில். மாட்டேன் என்று சொல்லத்தான் வாய் வந்தது. மூன்று வீட்டுத் தரையும் ஞாபகம் வந்தது. வருகிறேன் என்றேன். கஃபீல் மாற்றும் வேலை நடக்கிறது. மேடம் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார், ஆனால் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

நேற்று டீச்சரம்மாவின் போனுக்கு, நீ பண்டாரவளையில் விட்டுவிட்டு வந்த உன் மகள் பேசினாள். அவர் எனக்கு இணைப்புக் கொடுத்தார். “பெரியம்மாவா?” என்றாள். நான் திகைத்துப்போனேன். “அம்மா எப்பயும் சொல்லுவாங்க, அங்க ஒனக்கு ஒரு பெரியம்மா இருக்காங்கன்னு. தனக்கு எதுனாச்சும் ஆச்சுன்னா அவங்ககிட்ட பேசுன்னு.” உன்னை என்ன செய்ய, ஸ்டெல்லா? என் கண்ணில் படாமல் ஓடி ஒளிந்தவள், பிள்ளையை மட்டும் என் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாயே.

மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். அது பொய்யாகிவிடும். ஒருநாள் வரலாம், வராமலும் போகலாம்.

ஆனால் ஒன்று மட்டும் உறுதி. உன் மகள் கூப்பிடும்போதெல்லாம் போனை எடுப்பேன். அவளுக்கு என்ன வலி என்று முதலில் நானே கேட்பேன். விவரம் தெரியும் வயது வந்ததும் இதையெல்லாம் என் வாயாலேயே அவளுக்குச் சொல்வேன், உன் முதுகையும் சேர்த்து. உனக்கும் எனக்கும் நடுவில் நின்ற மௌனம், அவளுக்கும் எனக்கும் நடுவில் நிற்காது.

இப்படிக்கு,
உன் பிள்ளைக்குப் பெரியம்மா,
லெட்சுமி