பன்னிரண்டு வண்டி, நூற்றிருபது சுற்று

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நலமாக இருக்கிறோம். அப்பாவுக்கு இரத்த அழுத்தம் போன மாதத்தைவிடக் குறைந்திருக்கிறது. அதன் காரணமும் இந்தக் கடிதத்தில்தான் இருக்கிறது. கணக்குப் புத்தகம் கைக்கு வந்ததும் முதலில் கடைசிப் பக்கத்தைப் புரட்டி விடையைப் பார்க்கிற பெண் நீ. இதில் அப்படிச் செய்யாதே, வரிசையாகப் படி. போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே "விடும்மா" என்று பேச்சை மாற்றிவிடுவாய். காகிதத்திடம் அப்படி வாயாட முடியாது.

ஆறு வாரத்துக்கு முன் நீ சொன்ன அந்த "விடும்மா"வில்தான் எல்லாம் தொடங்கியது. கணினியில் பழைய கார்களை ஓட்டும் உங்கள் குழுவில், இருபத்து மூன்று வளைவு உள்ள அந்த மலைப் பாதையை ஒரு சுற்று வர யாருக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறீர்கள். வண்டிகள் பன்னிரண்டு. அதில் மிகச் சின்ன வண்டியை எடுத்து, இரண்டு நிமிடம் நாற்பத்தொன்று புள்ளி மூன்று விநாடியில் ஓட்டி, நீ முதலிடத்துக்கு வந்தாய். அந்த வண்டியால் அந்த நேரம் முடியவே முடியாது, விளையாட்டின் கணினிக் கோப்பில் வண்டியின் எடையை மாற்றியிருக்கிறாய் என்று சொல்லி, பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் பல் டாக்டர் உன் பெயரை அடித்துவிட்டார். நீயும் குழுவை விட்டு விலகிவிட்டாய். "விளையாட்டுதானேம்மா, விடும்மா" என்று சிரித்தாய்.

அந்தச் சிரிப்புதான் எனக்குப் பிடிக்கவில்லை. தோற்றால் நீ சிரிக்கிறவள் இல்லை, மறுநாளே மறுபடி உட்காருகிறவள். பொய் சொன்னாய் என்று யாராவது சொன்னால்தான் இப்படிச் சிரிப்பாய். நாள் முழுக்க மற்றவர்களின் இரத்தத்தைச் சோதித்து எண் எழுதுகிறவள் நீ. ஒரு எண்ணில் சந்தேகம் வந்தால் மறுபடி முதலிலிருந்து சோதிப்பாய் என்று உன் மேலதிகாரியே சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்டவளை எண்ணைத் திருத்தினவள் என்று ஒருவர் சொல்லி, அது அப்படியே நிற்பதா? எனக்குச் சோறு இறங்கவில்லை.

டாக்டர் சொன்னதை ஒரு கேள்வியாக மாற்றி எழுதிப் பார்த்தேன். எடையை மாற்றாத சின்ன வண்டி, அந்தப் பாதையில் பெரிய வண்டியை முந்துமா, முந்தாதா? இதற்கு விவாதம் தேவையில்லை. அளந்து பார்த்தால் போதும். நீ விட்டுப்போன பழைய ஸ்டீயரிங்கும் மிதிகளும் உன் அறையில் துணி போர்த்திக் கிடந்தன. துணியை எடுத்தேன்.

முதல் மூன்று நாள் நான்தான் ஓட்டினேன். அதைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. ஒரு சுற்று நான்கு நிமிடம், அடுத்தது ஐந்தரை, அதற்கடுத்தது முடியவே இல்லை, புதருக்குள் போய் நின்றது. திங்கட்கிழமை காலை முதல் வகுப்புக்குப் பிள்ளைகள் வந்து சேருகிற மாதிரி, ஆளுக்கொரு நேரம். அதை வைத்து எந்த வண்டி வேகமானது என்று கடவுளாலும் சொல்ல முடியாது.

அப்பா வாசற்படியில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தார். இந்தப் பொம்மை வண்டியைத் தொடமாட்டேன் என்று அவர் சொல்லி எத்தனை வருடம் ஆகிறது என்று உனக்கே தெரியும். தொடமாட்டாரே தவிர, வாய் சும்மா இல்லை. "வளைவுக்குள்ள போயா பிரேக் போடுவ? முன்னாடியே போட்டுட்டு உள்ள போ." "கியர மாத்து, இன்ஜின் கத்துது பாரு, காது கேக்கலையா ஒனக்கு?" மூன்றாம் நாள் நான் வேலியை இடித்தபோது அவருக்குப் பொறுக்கவில்லை. "எழுந்திரு டீச்சர்," என்றார். "ஒரு வண்டிய இப்படிக் கொல்றதப் பாத்துக்கிட்டு நிக்க முடியாது."

உட்கார்ந்தவர் உடனே கிளம்பவில்லை. முதலில் ஒரு துணியால் திரையைத் துடைத்தார், முன் கண்ணாடியைத் துடைப்பது போல. பிறகு இண்டிகேட்டர் எங்கே என்று தேடினார். இல்லை என்றதும், "இண்டிகேட்டர் இல்லாம ரோட்டுல விட்டிருக்கானுங்க பாரு" என்று அந்த வண்டியைச் செய்தவர்களையே திட்டினார். ஹாரன் மட்டும் இருந்தது. இருபத்து மூன்று வளைவிலும் அடித்தார்.

ஒன்பதாவது வளைவில்தான் வேடிக்கை. அங்கே வேலி ஓரம் கூட்டமாக நின்று கையசைப்பார்களே, பார்வையாளர்கள், அவர்களைப் பார்த்ததும் அப்பா வேகத்தைக் குறைத்துவிட்டார். ஏன் என்று கேட்டேன். "ஆள் கை காட்டுறான்ல," என்றார். முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டிய கால், அதுவாகவே பிரேக்குக்குப் போகிறது. அவர்கள் ஏறமாட்டார்கள், பொம்மைகள் என்று சொன்னேன். தெரியும் என்றார். அடுத்த சுற்றிலும் குறைத்தார்.

அவர் ஏறியது உன் சின்ன வண்டியில்தான், சுற்று நேரம் மூன்று நிமிடம் நான்கு விநாடி. உன் நேரத்தைவிட இருபத்து மூன்று விநாடி அதிகம். இது எதற்கு உதவும் என்று சலிப்போடுதான் நோட்டில் குறித்தேன். இரண்டாம் சுற்று, மூன்று நிமிடம் நான்கு. மூன்றாவதும் நான்கு. பத்து சுற்று முடிந்து ஒப்பிட்டுப் பார்த்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். பத்து சுற்றுக்கும் நடுவே வித்தியாசம் மொத்தமே அரை விநாடிகூட இல்லை.

எங்கள் பள்ளியில் உயரம் அளக்க ஒரு மர அளவுகோல் இருந்தது. அடிப்பக்கம் ஒரு அங்குலம் உடைந்துபோயிருந்தது. அதில் அளந்தால் எல்லாப் பிள்ளைகளும் ஒரு அங்குலம் கூடுதலாக வளர்ந்திருப்பார்கள். ஆனால் யார் யாரைவிட உயரம் என்பதில் அந்தக் கோல் ஒரு நாளும் தப்புச் சொன்னதில்லை, ஏனென்றால் எல்லோரிடமும் அது ஒரே அளவுதான் பொய் சொல்லும். அப்பாவும் அப்படித்தான். ஹாரன் அடிக்கிறார், ஆள் நிற்கும் இடத்தில் குறைக்கிறார், எல்லாம் சரி. ஆனால் எந்த வண்டியில் ஏற்றினாலும் அதே இடத்தில், அதே அளவு குறைக்கிறார். வேகமாக ஓட்டுகிறவர்கள் உங்கள் குழுவில் நிறையப் பேர் இருப்பார்கள். ஒரே மாதிரி ஓட்டுகிறவர் என் வீட்டில்தான் இருந்தார். இதை அவரிடம் சொன்னபோது, "பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பர் கிட்ட ஒரு நாள் பேச்சு வாங்கினதில்ல," என்று மட்டும் சொன்னார். ஆனால் அன்று இரண்டாவது காபி அவரே போட்டார்.

ஒரு காலைக்கு ஒரு வண்டி, பத்து சுற்று. பன்னிரண்டு காலை. வண்டிகளுக்கு அவரே பெயர் வைத்தார். டாக்டர் எப்போதும் ஓட்டும் பெரிய வண்டி யானை. நீளமான சிவப்பு வண்டி மூக்கன். உன்னுடையது டப்பா. யானையை ஓட்டும்போது, "நேர் ரோட்டுல ராஜா, வளைவுல வயசானவன்," என்றார். டப்பாவுக்கு முதல் மூன்று வளைவிலும் ஹாரன் மட்டும்தான். நான்காவதில், "சொன்ன பேச்சு கேக்குது," என்றார்.

கணக்கு இதுதான். யானைக்குச் சராசரி மூன்று நிமிடம் ஏழு விநாடி. மூக்கனுக்கு மூன்று ஐந்தரை. டப்பாவுக்கு மூன்று நான்கு. பன்னிரண்டில் அதுதான் முதல். ஒரே ஒரு நேர் பாதையில் யானை இரண்டு விநாடி மிச்சம் பிடிக்கிறது. வளைவுகளில் ஐந்து விநாடியை விட்டுவிடுகிறது. நூற்றிருபது சுற்றின் நேரத்தையும் வளைவு வளைவாக நோட்டில் தெளிவாக எழுதி, படம் எடுத்து, குழுவின் பக்கத்தில் இருந்த டாக்டரின் எண்ணுக்கு அனுப்பினேன். உன் அம்மா என்பதையும் மறைக்கவில்லை.

மறுநாளே கூப்பிட்டார். மரியாதையான மனிதர்தான். "மேடம், இவ்வளவு சுத்தமா யாரும் இதுவரைக்கும் அளந்ததில்ல. ஆனா தப்பா நெனைக்காதீங்க, சார் மெதுவா ஓட்டுறார். மெதுவா ஓட்டினா பெரிய இன்ஜினோட பலம் வெளிய வராது. வேகமா ஓட்டுறவங்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது," என்றார். பிறகு, "அப்புறம் அந்த ஒன்பதாவது வளைவுல என்ன நடக்குது?" என்று கேட்டார். ஆள் கை காட்டுவதைச் சொன்னேன். மனிதர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அவர் சொன்ன ஆட்சேபம் நியாயமானது. ஒரு நல்ல மாணவன் கேட்கிற கேள்வி. பதிலுக்கு நானும் ஒரு கேள்வி கேட்டேன். "டாக்டர், நீங்க அந்தச் சின்ன வண்டிய இந்தப் பாதையில ஓட்டியிருக்கீங்களா?"

"அதையெல்லாம் யாரும் எடுக்க மாட்டாங்க, மேடம்."

"வேற யாராவது?"

மவுஸ் தட்டும் சத்தம் கேட்டது. பட்டியலைப் புரட்டிப் பார்த்திருப்பார் போல. "உங்க பொண்ணத் தவிர யாரும் இல்ல," என்றார், குரல் இறங்கி. முடியாது என்று சொன்னவர்கள் ஒருவரும் முயன்று பார்க்கவில்லை, அவ்வளவுதான் விஷயம். "அப்ப சாரோட கால் வேண்டாம், உங்க காலே ஓட்டட்டும். முடியலைன்னா நீங்க அடிச்சது சரின்னு நானே எம் பொண்ணுகிட்ட சொல்லிடுறேன்," என்றேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. உன்னைக் கேட்காமல் உன் பெயரைப் பந்தயத்தில் வைத்துவிட்டேன் அல்லவா.

அவர் ஓட்டிப் பார்க்க நான்கு நாள் ஆயிற்று. அந்த நான்கு நாளில், உன்னுடைய அந்தச் சுற்றின் பதிவை அனுப்பச் சொல்லி டாக்டரிடம் வாங்கினேன். அப்பா அதைப் பார்த்தார். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, மறுபடி பார்த்தார். மொத்தம் ஏழு தடவை. ஆறாவது வளைவில் ஒவ்வொரு முறையும் அவர் வலது கால் தரையை அழுத்தியது. ஏழாம் முறை அழுத்தவில்லை. "இங்க பிரேக்கே போடல பாரு," என்றார். "நான் போட்டிருப்பேன். போட வேண்டியதில்ல. அவ செஞ்சதுதான் சரி." கொஞ்சம் கழித்து, "யாரு சொல்லிக் குடுத்தது இவளுக்கு?" என்று கேட்டார். பதில் என் நாக்கு நுனி வரை வந்தது. பத்தாவது முடித்துவிட்டு நீ ஆட்டோமொபைல் படிப்புக்கு விண்ணப்பம் வாங்கி வந்த நாளும், "வண்டி வேலை பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு?" என்று அப்பா சொன்னதும், அதன் பிறகு நீங்கள் இருவரும் வண்டி என்ற பேச்சையே எடுக்காமல் "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்பா" என்பதோடு போனை வைத்துவிடுவதும் எனக்கு நினைவுக்கு வந்தன. விழுங்கிவிட்டேன். அவரே ஏதோ பதிலைக் கண்டுபிடித்தது போலத்தான் இருந்தது, ஏனென்றால் அதற்குப் பிறகு அன்று சாயங்காலம் வரை அவர் உன் ஸ்டீயரிங்கையும் மிதிகளையும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை டாக்டர் கூப்பிட்டார். முதல் பத்து சுற்று டப்பாவைப் பெரிய வண்டி மாதிரியே ஓட்டி, வளைவுக்கு முன் தேவையில்லாமல் நிறுத்தி நிறுத்திப் போனாராம். பிறகு உன் பதிவைப் பார்த்து அதே மாதிரி செய்தாராம். "இருபத்தெட்டாவது சுத்துல ரெண்டு நாப்பத்திரண்டு புள்ளி ஒண்ணு, மேடம். யானையில நான் வச்சிருந்த நேரத்தவிட அரை செகண்டு கம்மி." அப்பா வைத்த பெயரையே அவரும் சொல்ல ஆரம்பித்துவிட்டார். "ஆனா உங்க பொண்ணோட நேரத்த இன்னும் தொட முடியல. ரெண்டு நாளா முயற்சி பண்றேன்."

அன்று மதியமே குழுவில் எழுதிவிட்டார். ஓட்டிப் பார்க்காமலே முடியாது என்று சொன்னது என் தவறு, ஒரு நேர்மையான நேரத்தைப் பொய் என்று அடித்தேன், மன்னிக்க வேண்டும் என்று, சுற்றி வளைக்காமல், தன் பெயர் போட்டு. உன் பெயர் முதல் வரியில் இருக்கிறது. இரண்டு நாற்பத்தொன்று புள்ளி மூன்று, டப்பா. இப்போது உங்கள் குழுவில் பாதிப் பேர் டப்பாவில்தான் ஏறியிருக்கிறார்களாம், ஒருவருக்கும் உன் நேரம் பிடிபடவில்லையாம். நீ திரும்பிச் சேருவதும் சேராததும் உன் விருப்பம். பட்டியலின் கடைசி வரியில் இன்னொரு பெயரும் ஏறியிருக்கிறது. எல்லோரையும்விட மெதுவான நேரம், பக்கத்தில் டாக்டரின் குறிப்பு: நூற்றிருபது சுற்றில் ஒருமுறைகூடப் பாதையை விட்டு இறங்காத ஒரே ஓட்டுநர்.

அப்பா அந்த நிமிடமே தன் பழைய கண்டக்டருக்குப் போன் போட்டார். "எம் பொண்ணு டைம ஒரு டாக்டரால தொட முடியலடா," என்றார். அவர், "எந்த ரூட்ல?" என்று கேட்டாராம். அதை விளக்க அரை மணி நேரம். பிறகு முடி வெட்டுகிறவர், துணி தேய்க்கிறவர், எதிர் வீட்டு வக்கீல், எல்லோருக்கும் ஆறாவது வளைவு இப்போது மனப்பாடம். வக்கீல் என்னிடம் வந்து, "பிரேக்கே போடலையாமே?" என்று தனியாக விசாரித்துவிட்டுப் போனார்.

இனி ஒரு விஷயம்தான் பாக்கி. வேறு யார் ஓட்டும் வண்டியிலும் உன் அப்பா கண் மூடினதில்லை. உன் மாமா வீட்டுக் கல்யாணத்துக்கு வாடகை வண்டியில் ஆறு மணி நேரம் போனோமே, நாமெல்லாம் தூங்கி வழிந்தோம், அவர் மட்டும் முன் சீட்டில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். இன்று காலை இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருந்தபோது, நீங்களும் ஒரு வரி சொல்லுங்கள், சேர்த்துவிடுகிறேன் என்று கேட்டேன். ஜன்னலோரம் போய் நின்றார். திரும்பாமலே சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன்.

"லீவுல வந்தா ஒரு வண்டிய வாடகைக்கு எடுப்போம். எங்கயாவது தூரமா போவோம். அவ ஓட்டட்டும். நான் பின்னாடி ஒக்காந்து தூங்கிக்கிறேன்."

உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, நன்றாக இரு மகளே. லீவுக்கு எழுதிப் போட்டுவிட்டுச் சீக்கிரம் வா. மனிதர் தூங்கட்டும்.

உன் பெயரைக் காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் திறந்து பார்த்துக்கொள்ளும்,
உன் அம்மா