ரேடியோவின் சூடு

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள், இரவு.

மல்லிகாவிடம் அந்தப் பழைய வால்வு ரேடியோவை ரிப்பேர் செய்து இன்றே கொடுத்தனுப்பியிருக்கக் கூடாது. பொதட்டூர்பேட்டைத் தறிக்காரப் பெண்; ரேடியோ அவள் அப்பாவுடையது. செத்துப்போன வால்வு EZ80. தேடியும் கிடைக்கவில்லை. அதே குழியில் உட்காரும் EZ81-ஐப் போட்டேன். பாடியது. ஆனால் இது கரண்டை அதிகமாக இழுக்கும், டிரான்ஸ்பார்மர் சுடும்; காற்றுப் படாவிட்டால் தீப்பிடிக்கவும் கூடும். கடையில் பின்மூடியைக் கழற்றி, ஃபேனுக்கு நேரே வைத்துத்தான் ஓட்டிப் பார்த்தேன். மூடி போட்டும் பார்ப்பதற்குள், காவடிக் கூட்டத்தில் பஸ் கிடைக்காது என்று அவள் பறந்தாள்.

"நைனா ரேடியோவுக்கு உறை தெச்சி வச்சிகீறேங்கண்ணா" என்றாள் போகும்போது. போர்த்தாதே என்று அப்போதே சொல்லியிருக்கலாம். வாயில் என்ன இருந்தது எனக்கு?

சாயங்காலம் முழுக்க போன் செய்தேன். விசைத்தறி ஓடும் வீட்டில் மணி யாருக்குக் கேட்கும்? எட்டு மணிக்கு மேல்தான் எடுத்தாள்.

"ரேடியோ சுடுதாம்மா?"

"ஆங், நல்லா கதகதன்னு கீதுங்கண்ணா. முட்டிவலிக்கு எதமா கீதுன்னு, நைனா அத்த உறையோட கட்டில்ல வச்சி, முட்டிய ஒட்டிகினே தூங்கிட்டாரு."

"மொதல்ல பிளக்கப் புடுங்கும்மா!"

"பாட்டு நின்னா முழிச்சிக்குவாருங்களே. இப்டி தூங்கி எவ்ளோ நாளாச்சி..."

தறி இரைச்சலில் என் குரல் அவளுக்குக் கேட்டதோ இல்லையோ, லைன் போய்விட்டது. அதற்குப் பிறகு எடுக்கவேயில்லை.

இங்கே இப்போதுதான் கரண்ட் போனது. செல்போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். அங்கேயும் போயிருக்கட்டும், முருகா.