சிரிப்பே வராத படம்

10-6-2001, ஞாயிறு

எழுத்து கோணலும் மாணலுமாக இருக்கிறது. இந்த நோட்டை யார் பார்த்தாலும் மன்னிக்க வேண்டும். தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்தி பிடித்தே அறுபத்தெட்டு வயது ஆன கை, பேனாவை நசுக்கிவிடுகிறது. ஆனாலும் இது என் கை எழுதியது! முதியோர் வகுப்பு டீச்சர் வாரம் ஒரு பக்கமாவது எழுதச் சொல்லியிருக்கிறார்.

தேயிலை விலை விழுந்து ஃபாக்டரியைப் பூட்டி நான்கு மாதம். போன செவ்வாய் எங்கள் தோட்டத்து லைன் வீட்டு ஆட்கள் எல்லோரும் மாரியம்மன் கோயிலில் வேண்டிக்கொண்டோம். ஃபாக்டரி திறக்கும்வரை மேளம், ரேடியோப் பாட்டு, சினிமா, எந்தக் கேளிக்கையும் கிடையாது. யூனியன் நவநீதன் சூலத்தில் மஞ்சள் துணி கட்டினான். நானும் கற்பூரத்தில் கை வைத்துச் சத்தியம் செய்தேன்.

12-6, செவ்வாய்

போண்டா சுற்றி வந்த செய்தித்தாளில் ஒரு சிரிப்புப் படத்தைப் பற்றி விமர்சனம். தலைப்பிலிருந்து கடைசி வரி வரை நானே படித்தேன். ஒரு மணி நேரம் ஆனது. ‘இரண்டரை மணி நேரத்தில் ஓர் இடத்தில்கூடச் சிரிப்பு வரவில்லை’ என்று போட்டிருந்தது.

என் வீட்டுக்காரி ராக்கம்மா, “ஏனுங்க, இத்தன நேரம் முக்கி முக்கிப் படிச்சது ஊத்திக்கிட்ட படத்தப் பத்தியா?” என்றாள். சொல்லட்டும். படித்தேனே! தாளை மடித்துப் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

14-6, வியாழன்

ஃபாக்டரி விஷயமாக மனு கொடுக்கக் குன்னூர் யூனியன் ஆபீசுக்குப் போனேன். மனு வாங்குகிறவர் ஐந்து மணிக்குத்தான் வருவாராம். நல்ல மழை. எதிர்த் தியேட்டரில் அதே படம்.

யோசித்தேன். சிரிப்பே வராது என்று அச்சிலேயே போட்டிருக்கிறார்கள். சிரிப்பு வராத படம் எப்படிக் கேளிக்கை ஆகும்? நனையாமல் உட்கார ஓர் இடம், அவ்வளவுதானே. உள்ளே போனேன்.

கல்யாண வீட்டில், திருடிய ஆட்டை ஒளிப்பதற்காக அதற்குப் பட்டுச் சேலை சுற்றிப் பெண்கள் நடுவில் உட்கார வைக்கிறான் ஒருவன். ஐயர் வந்து அதனிடம் கோத்திரம் கேட்கிறார். அதுவும் ‘மே’ என்று சொன்னது! எனக்கு வயிறு வலித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்துச் சீட்டுக்காரர், “பெரியவரே, எங்களுக்கு வசனம் கேக்க வேண்டாமுங்களா?” என்றார். இப்படிச் சிரித்து எத்தனை மாதம் ஆயிற்று!

வீட்டுக்கு வந்து, மழைக்கு ஒதுங்கி நின்றேன் என்று சொன்னேன்.

15-6

இன்று எழுதக் கூச்சமாக இருக்கிறது.

17-6, ஞாயிறு

ஃபாக்டரியைத் திறக்க முதலாளியோடு நடந்த பேச்சுவார்த்தை முறிந்துவிட்டது. வியாழக்கிழமையே முறிந்துவிட்டதாம்.

குழாயடியில் நவநீதன், “யாரோ சத்தியத்த மீறிப்போட்டாங்க” என்றான். வியாழனன்று மூக்கம்மாவும் குன்னூருக்குப் போயிருந்தாள், கண் காட்ட. எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். “கண்ணாசுபத்திரிக்குப் போனியா, தியேட்டருக்குப் போனியா?” என்று கேட்டார்கள். புருஷன் இல்லாதவள், ஒண்டியாள். செவ்வாய்க்கிழமை பூசைக்கு அவள் தட்டை வாங்கக் கூடாது என்று முடிவு செய்துவிட்டார்கள்.

குடத்தோடு நின்றேன். வாய் திறக்கவில்லை. சீ, நானும் ஒரு பெரிய மனுசனா?

பத்திரிகையை நம்பித்தானே போனேன் — சரி. முதல் சிரிப்பு வந்ததுமே எழுந்து வந்திருக்கலாமே? வரவில்லை. இன்டர்வெல்லிலும் வரவில்லை. அதுதான் நிஜம்.

19-6, செவ்வாய்

மூக்கம்மா தட்டோடு கோயிலுக்கு வெளியே நின்றாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன்.

“சினிமாவுக்குப் போனது நாந்தானுங்க” என்றேன்.

ராக்கம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நான் செய்தித்தாளை நீட்டினேன். நவநீதன் முழுக்கப் படித்தான்.

“அப்ப சிரிப்பு வரலீங்களா?”

“வந்துச்சுங்க. நெறைய வந்துச்சு.”

பின்னால் யாரோ களுக்கென்றார்கள். நவநீதன் முறைத்தான். ஒரு மாதம் நான் கோயில் வாசல் பெருக்க வேண்டும், எல்லோர் முன்னும் மூக்கம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றான். கேட்டேன். அவள் தட்டை வாங்கிக்கொண்டார்கள். என் முகத்தைப் பார்க்காமலே உள்ளே போனாள்.

24-6, ஞாயிறு

ஃபாக்டரி இன்னும் திறக்கவில்லை. வாசல் பெருக்கிக்கொண்டிருந்தேன். மூக்கம்மா வந்து படியில் உட்கார்ந்தாள்.

“அப்படி என்னதானுங்க இருந்துச்சு அந்தப் படத்துல?”

“சத்தியம் இருக்குதுங்களே. சொல்லக் கூடாதுங்க.”

“எம்மேல பழி போட்டப்ப மூடி வெச்சிருந்த வாயிதானுங்களே? இப்பத் தொறங்க.”

விளக்குமாற்றைச் சாய்த்து வைத்துவிட்டுப் பாதிக் கதை சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. எழுந்து போகவும் இல்லை. தூறல் விழுந்ததும், “மீதிய அடுத்த ஞாயித்துக்கெழம சொல்லுங்க” என்று முக்காடு போட்டுக்கொண்டு போனாள்.

அவள் சிரித்தாளா இல்லையா என்று அன்றைக்கு எழுதுகிறேன்.