கிழக்கே பார்த்த வண்டி

மண்ணூர்,
18-11-1981

கங்காவின் அப்பாவுக்கு அம்சவல்லி எழுதுவது. இங்கே நானும் குழந்தையும் இருக்கிறோம். அங்கே உங்கள் உடம்பு எப்படி என்று கேட்பதுதான் முறை, கேட்டுவிட்டேன். மற்றபடி முறை பார்த்து எழுதும் நிலையில் இன்றைக்கு நான் இல்லை. கோபத்தில் எழுத்து கோணிக்கொண்டு போகிறது. கூட்டிப் படித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை உங்கள் கடிதம் வந்தது. வழக்கம்போல உங்கள் அண்ணன் பெயருக்கு. நீங்கள் துபாய் போய் இரண்டு வருஷம் ஆகிறது, ஒரு கடிதமாவது என் பெயருக்கு வந்ததா? பெரியவர் இருக்கிற வீட்டில் பெண்டாட்டி பெயருக்குக் கடிதம் போட்டால் ஊர் சிரிக்கும் என்பீர்கள். உங்கள் அண்ணன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தபால்காரரையும் போகவிடாமல் நிறுத்திக்கொண்டு, உரக்கப் படிப்பார். கடைசியில் ‘அம்சவல்லிக்கும் கங்காவுக்கும் சொல்லவும்’ என்று ஒரு வரி வரும். என்னத்தைச் சொல்லவும் என்று இருக்காது. எட்டாவது வரை படித்தவள், அந்த ஒரு வரிக்காகக் கதவோரம் நிற்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

இந்தத் தடவை அவர் படித்தது வேறு விதம். வண்டியை அண்ணனே எடுத்துக்கொள்ளட்டும், சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் டீக்கடை போட அது தோதாக இருக்கும் என்று எழுதியிருக்கிறீர்களாம். எதிர் வீட்டு செல்லம்மாள் வரைக்கும் கேட்டது.

எந்த வண்டி? வெள்ளைக்காரப் புருஷனும் பெண்டாட்டியும் பெங்களூர் ரோட்டுப் புளியமரத்தில் மோதிவிட்டு அப்படியே விட்டுப் போன வேன் வண்டி. மூன்று வருஷம் போலீஸ் ஸ்டேஷன் பின்னால் எருக்கஞ்செடிக்குள் கிடந்தது. லாரி ஷெட்டுக்கு வெல்டிங் வேலைக்குப் போகும்போதெல்லாம் எட்டி எட்டிப் பார்த்தவர் நீங்கள்தான். ஏலத்தில் எடுத்து, இரண்டு ஜோடி மாடு பூட்டி இழுத்து வந்து ஏரிக்கரையில் நம் பங்குக் கொல்லையில் நிறுத்தினீர்கள். உள்ளே அடுப்பு மேடை, பாத்திரம் கழுவத் தொட்டி, மடித்தால் மேசை, விரித்தால் கட்டில். மோட்டாருக்குள்ள வூடு கீதுடா என்று ஊரே வந்து பார்த்தது. எல்லாரும் போன பிறகு என்னிடம் என்ன சொன்னீர்கள்?

“இது நம்ம வூடு, அம்சா. இதுல யாரும் பங்கு கேக்க முடியாது.”

சொன்ன மாதமே விமானம் ஏறிவிட்டீர்கள். அந்தச் சொல்லை நம்பித்தான் நான் இதில் குடியிருக்கிறேன். போன வருஷ மழையில், உங்கள் அண்ணன் இருக்கும் பெரிய வீட்டில் நம் அறைச் சுவர் இடிந்தது. எடுத்துக் கட்டினார்கள், கட்டிய கையோடு உள்ளே யூரியா மூட்டையை அடுக்கினார்கள். நானும் ஆறு வயதுப் பிள்ளையும் அடுப்படியில் படுத்தோம். அதன் பிறகுதான் வண்டிக்குக் குடிவர நினைத்தேன். இதெல்லாம் உங்களுக்கு யார் எழுதியிருப்பார்கள்?

முந்தின கடிதம் ஒன்றில், வண்டியை உங்கள் அண்ணன் சரிசெய்து வைத்ததாக எண்ணி அவரைப் புகழ்ந்து எழுதியிருந்தீர்கள். அவர் செய்த காரியத்தைக் கேளுங்கள். வண்டியின் கதவு வலது பக்கம். நீங்கள் தெற்கு முகமாக நிறுத்திவிட்டுப் போனதால் வாசல் மேற்கே பார்த்தது. மேற்கு வாசல் வைத்துக் குடியிருந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்றார். வண்டிதானே, திருப்பி நிறுத்தினால் போதாதா என்றேன். “பொம்பள பேச்சக் கேட்டு வூட்டத் திருப்புவாங்களா?” என்று கேட்டார். ஆளை விட்டு இடது பக்கத் தகரத்தை வெட்டிக் கிழக்கே ஒரு வாசல் வைத்தார். கழுவும் தொட்டி போயிற்று. கூரையைத் தாங்கிய நடுக்காலும் போயிற்று. கற்பூரம் காட்டித் தேங்காயும் உடைத்தார். அடுத்த மழையில் கூரை தொட்டிலாகத் தொங்கி, தண்ணீர் தேங்கி, தரைப் பலகை முழுக்க உளுத்துவிட்டது. அதன் பிறகு அவர் இந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

அதைச் சரிசெய்தவள் நான். உங்கள் பழைய ஷெட்டில் டிங்கர் வேலை பார்க்கும் நரசிம்மனைக் கூட்டி வந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தார். கூரையை ஜாக்கி வைத்துத் தூக்கி நிறுத்தி, நடுக்காலுக்கு இரும்பு வைத்துப் பற்றவைத்து, அண்ணன் வெட்டிய வாசலை அடைத்தார். கூலிக்கு என் பங்கு வேர்க்கடலையைக் கொடுத்தேன். துருவைச் சுரண்டியது நான். செங்கல்லால் தேய்த்தேன், பிறகு உப்புத்தாளால் தேய்த்தேன், விரல் நுனி தேய்ந்து ஒரு மாதம் சோறு பிசைய முடியவில்லை. உளுத்த பலகையைப் பெயர்த்துவிட்டு மாம்பலகை போட்டோம். கூரைக்குத் தார் பூசினோம். கடைசியாக ஒரு ஜோடி மாடு பூட்டி வண்டியை வடக்கு முகமாகத் திருப்பினோம். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. வெள்ளைக்காரன் வைத்த கதவு அதுவாகவே கிழக்கே பார்த்தது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு.

அதில் ஒரு சொட்டு ஒழுகல் இல்லாமல் இந்த மழையை இதுவரை கழித்துவிட்டோம். இப்போது அவருக்கு டீக்கடை வேண்டுமாம், நீங்கள் தூக்கிக் கொடுப்பீர்களாம்.

இதுவரை காலையில் எழுதியது. மாலை நான்கு மணிக்கு உங்கள் அண்ணன் டிராக்டரோடு வந்துவிட்டார். டிரைவர் இரும்புச் சங்கிலியை முன்பக்கம் மாட்டினான். நான் கங்காவை இழுத்துக்கொண்டு உள்ளே ஏறி, கதவுப் படியில் உட்கார்ந்துவிட்டேன். இழுப்பதென்றால் எங்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போங்கள் என்றேன். தம்பியே கொடுத்தாச்சு, நீ யார் நடுவில் என்றார். கூட்டம் கூடிவிட்டது. வேடிக்கை பார்த்துச் சிரித்தார்கள்.

அப்போது உங்கள் அண்ணி வந்தார். கிளியம்மாள் அக்காவும் நானும் முகம் கொடுத்துப் பேசி ஒரு வருஷம் ஆகிறது, அந்த யூரியா மூட்டை அடுக்கிய நாளிலிருந்து. நேராக என்னிடம் வந்து, மடியில் சொருகியிருந்த உங்கள் கடிதத்தை எடுத்து நீட்டினார்.

“நடுவுல ஒரு எடத்துல முழுங்கிட்டாரு. எனக்குப் படிக்கத் தெரியாது. நீயே பாரு.”

பார்த்தேன். உங்கள் கையெழுத்தை இரண்டு வருஷம் கழித்துப் பார்க்கிறேன். டீக்கடைக்கு அடுத்த வரியில் இருந்தது: ‘அம்சவல்லி சம்மதித்தால் எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணா. அவளைக் கேட்டு எழுதவும்.’ படியில் நின்று அத்தனை பேருக்கும் கேட்கப் படித்தேன். இரண்டு தரம் படித்தேன். அது சும்மா ஒரு பேச்சுக்கு எழுதினது என்று முனகிக்கொண்டே உங்கள் அண்ணன் நடந்துவிட்டார். டிரைவர் அவரைக் கேட்காமலேயே சங்கிலியைக் கழற்றினான். அக்கா அவர் பின்னால் போனார். இன்றைக்கு அக்காவுக்கு வீட்டில் என்ன நடக்குமோ, அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

அந்த வரியைப் படித்ததும் உங்கள் மேல் உள்ள கோபம் ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை, கூடிவிட்டது. என்னைக் கேட்க வேண்டும் என்று தோன்றியதல்லவா உங்களுக்கு? தோன்றியதை ஏன் அவரிடம் எழுதினீர்கள்? என் வீட்டை எடுக்க நினைப்பவரிடமே என் சம்மதத்தைக் கேட்டு வாங்கச் சொன்னீர்களே, இது எந்த ஊர் நியாயம்? ஒரு நீல ஏர்மெயில் காகிதத்தில் என் பெயரை எழுத உங்கள் கை வலித்துவிடுமா? ஊர் சிரிக்கட்டும். இன்றைக்குச் சிரித்ததைவிட அதிகமாகச் சிரிக்கப் போவதில்லை.

கேட்டீர்கள், பதில் சொல்கிறேன். சம்மதம் இல்லை. ஸ்டேஷன் வாசலுக்கும் இல்லை, வேறு எந்த வாசலுக்கும் இல்லை.

இனி எழுதினால் அம்சவல்லி, ஏரிக்கரைக் கொல்லை, மண்ணூர் என்று போடுங்கள். தபால்காரரிடம் சொல்லிவிட்டேன்.

வெயிலில் தலைக்குத் துணி கட்டாமல் வேலை செய்யாதீர்கள். வெல்டிங் போடும்போது கண்ணாடி போடுங்கள், கண் எரிந்தால் சோம்பல்படாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கங்கா உங்கள் முகத்தைப் போட்டோவில் பார்த்துத்தான் அப்பா என்று சொல்கிறாள். நரசிம்மன் போன வாரம் எஞ்சினையும் பிரித்துப் பார்க்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதை யாரும் தொடக் கூடாது. அது உங்கள் வேலை. நீங்கள் வந்து செய்யுங்கள்.

கோபம் தீராமல்,
அம்சவல்லி