அழித்த படம்

ஜூன் 8, திங்கள் இரவு.

பிளஸ் ஒன் பாரத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று எழுதி, வாப்பா கையெழுத்தையும் நானே போட்டுக் கொடுத்துவிட்டேன். கம்ப்யூட்டர் படித்தால் வெளியூர் போகவேண்டி வரும், காரைக்காலிலேயே முடிகிற காமர்ஸ் போதும் என்று ஷார்ஜாவிலிருந்து வாப்பா சொல்லியிருந்தார்கள். தோழிக்கு அனுப்ப உம்மா போனில் பாரத்தைப் படம் எடுத்ததுதான் தப்பு.

சாயங்காலம் அண்ணனிடம் கேட்டேன். "உம்மா போன்ல எடுக்குற படம் எங்கயாச்சும் போவுமா நானா?"

"வாப்பா போனுக்குப் போவும். லீவுல வந்தப்ப ரெண்டு போனுக்கும் ஒரே மெயில் ஐடிதானே போட்டாங்க. ஏன், மூஞ்சிய கோணிக்கிட்டு செல்ஃபி எடுத்தியா?"

உடனே அழித்தேன். ஒரே ஐடி என்பதால் வாப்பா போனிலிருந்தும் போய்விடும். எட்டு மணிக்கு வாப்பா பேசினார்கள்.

"பாரம் கொடுத்தாச்சாம்மா?"

"கொடுத்தாச்சு வாப்பா."

"காமர்ஸ்தானே?"

"ம்."

"உம்மாகிட்ட கொடு" என்றார்கள்.

உம்மா தூங்கியதும், அழித்த படங்கள் போய்க் கிடக்கும் குப்பைத்தொட்டியிலிருந்தும் படத்தை நீக்க உம்மா போனைத் திறந்தேன். அங்கே இல்லை. பழையபடி மற்ற படங்களோடு இருக்கிறது. நான் திரும்ப எடுத்து வைக்கவில்லை. உம்மாவுக்கு அதெல்லாம் தெரியாது. நானா இந்தப் போனைத் தொடவே இல்லை.

இங்கே மணி பதினொன்று. ஷார்ஜாவில் ஒன்பதரைதான். வாப்பா இன்னும் தூங்கியிருக்க மாட்டார்கள்.